அட்டவணைக்குள் குறுக்கு இணைப்புகள் உடைகின்றன: ஸ்ஃபிங்ஸ், மூன்று மொழி ஆவணம்

காலி வீதி

வணக்கம் அண்ணாமார், அக்காமார். (இங்கே எல்லோரும் தெருப் பெயரில்தான் எழுதுகிறோம்.)

கொழும்புக்குள் பொதி விநியோகிக்கும் சேவை ஒன்றின் ஏபிஐ (மற்ற மென்பொருள்கள் சேவையோடு பேசும் இடைமுகம்) ஆவணத்தை, எழுதிய பக்கங்களை வலைப்பக்கங்களாக்கும் ஸ்ஃபிங்ஸ் என்ற மென்பொருளில் உருவாக்குகிறோம். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வர வேண்டும். ஆங்கிலம்தான் மூலம்; மற்ற இரண்டும் பிஓ ஃபைல் (மூல வசனமும் மொழிபெயர்ப்பும் சோடியாக உள்ள ஃபைல்) வழியாக. பக்கங்களைக் கையால் எழுதுகிறோம், அட்டவணைகளை ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதுகிறது. விநியோகப் பிரிவு அனுப்பும் வலயப் பட்டியலை அது வாசித்து, இணைப்பு நிரலையும் சேர்த்து, ஒரு சிஎஸ்வி ஃபைலாக (கலங்களைக் கொமாவால் பிரிக்கும் அட்டவணை) கொடுக்கும். பக்கத்தில் சிஎஸ்வி-டேபிள் கட்டளை அதை உள்ளே இழுக்கும்.

உடைந்திருப்பவை இவை. வலய அட்டவணையில் கொழும்பு 1 முதல் 15 வரை 15 வரிசைகள். ஒவ்வொன்றும் அந்த வலயத்தின் கட்டணப் பகுதிக்குப் போக வேண்டும். பட்டியல் புதிதாக வந்த பிறகு எல்லாவற்றுக்கும் 'அன்டிஃபைன்ட் லேபிள்' என்கிறது, அதாவது இணைப்பு போய்ச் சேரும் இடத்துக்கு அப்படி ஒரு பெயர் (லேபிள்) இல்லை என்று. கொழும்பு 6 வரிசைக்கு மட்டும் வேறு எச்சரிக்கை: தொடக்கக் குறி இருக்கிறது, முடிவுக் குறி இல்லை என்று. பிழைக் குறியீட்டு அட்டவணையை நம்ரெஃப் (எண்ணால் சுட்டும் கட்டளை) கொண்டு சுட்டினால் 'அட்டவணை 3' என்று வராமல் லேபிளின் பெயரே அச்சாகிறது. செயற்கூறுகளின் (ஃபங்க்ஷன்) அட்டவணையில் பெயர்கள் இணைப்பில்லாமல் கறுப்பாக நிற்கின்றன, எச்சரிக்கையும் இல்லை. தமிழ்ப் பதிப்பில் சில இடங்களில் பக்டிக் (`) குறிகளே பக்கத்தில் தெரிகின்றன. ஆங்கிலத்தில் அதே இடங்கள் சரி.

என் கணினியில் இரண்டாம் முறை பில்ட் செய்தால் ஒரு எச்சரிக்கையும் வருவதில்லை. சேர்வரில் ஒவ்வொரு முறையும் வருகிறது. எதை நம்புவது?

கொழும்பு 6 வரிசை இது. ரெஃப் என்பது லேபிளுக்கு இணைப்புப் போடும் கட்டளை. கட்டளைச் சொற்களையும் லேபிளையும் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், ஃபைலில் ஆங்கில எழுத்துத்தான்.

    600,கொழும்பு 6,:ரெஃப்:`வெள்ளவத்தை, பாமன்கடை <வலயம்-600>`

கட்டணப் பகுதியின் தலைப்புக்கு மேலே உள்ள லேபிள்:

    .. _வலயம்-00600:

---

ஹவ்லொக் வீதி

சேர்வரை நம்புங்கள். ஸ்ஃபிங்ஸ் வாசித்ததையெல்லாம் டொக்ட்ரீஸ் ஃபோல்டரில் சேமித்து வைக்கிறது. அடுத்த பில்ட்டில் மாறிய பக்கங்களை மட்டுமே வாசித்து எழுதும். இணைப்பு கிடைக்கவில்லை என்ற எச்சரிக்கை பக்கத்தை எழுதும் நேரத்தில்தான் வரும். எழுதாத பக்கத்துக்கு வராது. ஆகவே உடைந்த பக்கத்தைத் தொடாமல் விட்டால் உங்கள் கணினியில் அமைதியாக இருக்கும், பக்கம் உடைந்தபடியே கிடக்கும். திருத்தத் தொடங்கமுன் பில்ட் கட்டளையோடு ஆங்கிலப் பெரிய ஈ, சின்ன ஏ என்ற தெரிவுகள் இரண்டையும் கொடுங்கள். பெரிய ஈ சேமித்த சூழலைத் தள்ளிவிட்டு எல்லாவற்றையும் புதிதாக வாசிக்கும், சின்ன ஏ எல்லாப் பக்கங்களையும் திரும்ப எழுதும். வரும் எச்சரிக்கைகளைச் சின்ன டபிள்யூ கொடுத்து ஒரு ஃபைலில் பிடித்து வையுங்கள். அந்த ஃபைல் இல்லாமல் திருத்தினால் எது குறைந்தது, எது புதிதாக வந்தது என்று தெரியாமல் போகும்.

இப்போது உங்கள் வரிசையை இன்னொரு தரம் பாருங்கள். வரிசையில் 600. லேபிளில் 00600. கொழும்பின் தபால் குறியீடுகள் 00100 இலிருந்து 01500 வரை, எல்லாமே பூச்சியத்தில் தொடங்குபவை. சிஎஸ்வி ஃபைலை எக்ஸெலில் இரட்டைச் சொடுக்கால் திறந்தால் அது அந்த நிரலை எண்ணாக எடுத்துக்கொள்ளும், முன்னுள்ள பூச்சியங்கள் போய்விடும். சேமித்த பின் திரும்பி வராது. 15 வரிசையும் ஒன்றாக உடைந்ததற்குக் காரணம் இதுதான். பட்டியல் அனுப்புபவர்களிடம் 'டேட்டா' மெனு வழியாக உள்ளிட்டு, குறியீட்டு நிரலை 'டெக்ஸ்ட்' என்று குறிக்கச் சொல்லலாம். ஆனால் ஆளை நம்பி இருக்க வேண்டாம்: ஸ்கிரிப்ட்டிலேயே குறியீட்டை எழுத்துச்சரமாக வாசித்து, 'இசட்ஃபில்' (முன்னால் பூச்சியம் சேர்க்கும் பைத்தான் கட்டளை) கொண்டு 5 இலக்கமாக்கி, அதன் பிறகு லேபிளை உருவாக்குங்கள். பாண்டாஸ் (பைத்தானின் அட்டவணை நூலகம்) பாவிப்பதாக இருந்தால் வாசிக்கும்போதே டிடைப்பை (தரவு வகை) 'எஸ்டிஆர்' என்று கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எக்ஸெல் செய்த அதே வேலையை அதுவும் செய்யும்.

எக்ஸெல் விஷயத்தில் இன்னும் ஒன்று. சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழும் சிங்களமும் கேள்விக்குறிகளாகிவிடும். 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று இருப்பதைத் தெரிவுசெய்ய வேண்டும். அது ஃபைலின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைச் சேர்க்கும். அதனால் ஸ்கிரிப்ட்டில் திறக்கும்போது என்கோடிங்கை 'யூடிஎஃப்-8-சிக்' என்று கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் நிரலின் பெயரோடு அந்தக் குறியும் ஒட்டிக்கொண்டு, 'அப்படி ஒரு நிரல் இல்லை' என்று ஸ்கிரிப்ட் நிற்கும்.

கொழும்பு 6க்கு மட்டும் வேறு எச்சரிக்கை வருவது அந்தக் கொமாவால். வெள்ளவத்தைக்கும் பாமன்கடைக்கும் நடுவே உள்ள கொமாவைச் சிஎஸ்வி வாசிப்பான் நிரல் எல்லையாக எடுக்கிறது. முதல் பக்டிக் ஒரு கலத்தில், கடைசிப் பக்டிக் அடுத்த கலத்தில். முடிவுக் குறி இல்லை என்று அது சொல்வது உண்மைதான். கலம் முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும்:

    00600,கொழும்பு 6,":ரெஃப்:`வெள்ளவத்தை, பாமன்கடை <வலயம்-00600>`"

வரிசைகளை நீங்களே கொமா போட்டு ஒட்டி எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதை விட்டுவிட்டு பைத்தானின் சிஎஸ்வி ரைட்டரைப் பாவியுங்கள். கொமா உள்ள கலத்துக்கு அதுவே மேற்கோள் போடும்.

நம்ரெஃப்புக்கு இரண்டு நிபந்தனைகள். ஸ்ஃபிங்ஸின் அமைப்புகள் உள்ள கொன்ஃப்.பை ஃபைலில், எண் போடும் நம்ஃபிக் 'ட்ரூ' ஆக இருக்க வேண்டும். இயல்பில் அது அணைந்திருக்கும். அடுத்தது, அட்டவணைக்குத் தலைப்பு இருக்க வேண்டும். சிஎஸ்வி-டேபிள் என்று எழுதி இரட்டை முக்காற்புள்ளிக்குப் பின் வெறுமையாக விட்டால் அந்த அட்டவணைக்கு எண்ணே கிடையாது. ரெஃப்புக்கும் இதே கதை: தலைப்பில்லாத அட்டவணையை வெறும் லேபிளால் சுட்டினால் காட்டுவதற்கு அதனிடம் சொல் இல்லை. காட்டும் சொல்லை நீங்களே கொடுத்து, லேபிளைக் கோண அடைப்புக்குள் போட்டால் வேலை செய்யும்.

லேபிளை எழுதும் முறையையும் ஒருக்கால் பாருங்கள். இரண்டு புள்ளி, இடைவெளி, கீழ்க்கோடு, பெயர், முக்காற்புள்ளி. பிறகு ஒரு வெற்று வரி. பிறகு அட்டவணை, அதே உள்தள்ளலில். முன்னுள்ள கீழ்க்கோடு விடுபட்டால் ஸ்ஃபிங்ஸ் அந்த வரியைக் குறிப்புரையாக எடுத்துச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். சுட்டும் இடத்திலோ கீழ்க்கோடு வரக் கூடாது.

செயற்கூறுகளின் பெயர் கறுப்பாக நிற்பதற்கு: ரெஃப் உடைந்தால் ஸ்ஃபிங்ஸ் எப்போதும் சொல்லும், ஆனால் கோடிலுள்ள பெயர்களைச் சுட்டும் ஃபங்க், கிளாஸ், மெத் போன்றவை உடைந்தால் தானாகச் சொல்லாது. இணைப்பில்லாத கோட் எழுத்தாகப் போட்டுவிட்டுப் போகும். கொன்ஃப்.பையில் நிட்பிக்கியை 'ட்ரூ' ஆக்குங்கள், அப்போது முழுப் பட்டியலும் வெளியே வரும். வழமையான காரணம், அட்டவணை வேறு பக்கத்தில் இருப்பதால் அங்கே நடப்பு மொட்யூல் (பைத்தான் கோட் ஃபைல்) எதுவென்று ஸ்ஃபிங்ஸுக்குத் தெரியாது. வெறும் பெயர் போதாது. மொட்யூல் பெயரோடு புள்ளியிட்ட முழுப்பெயரைக் கொடுங்கள். அட்டவணை அகலமாகிவிடும் என்றால் முழுப்பெயருக்கு முன்னால் ஒரு டில்டா (~) போடுங்கள், கடைசித் துண்டு மட்டும் தெரியும்.

---

ஆமர் வீதி

ஹவ்லொக் வீதி அண்ணா சொன்னவற்றோடு தமிழ்ப் பதிப்புக்கான பகுதியை நான் சொல்கிறேன். இதை ஆங்கில உதவிப் பக்கங்களில் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஏனென்றால் ஆங்கிலத்தில் இந்தச் சிக்கலே வராது.

பக்டிக் குறிகள் பக்கத்தில் தெரிவது வேற்றுமை உருபால். ஸ்ஃபிங்ஸ் பக்கங்களை எழுதும் குறிமுறையான ரீஸ்ட்ரக்சர்ட் டெக்ஸ்ட்டில் இணைப்பின் முடிவுப் பக்டிக்குக்குப் பின்னால் இடைவெளியோ நிறுத்தக்குறியோ வர வேண்டும். ஆங்கிலத்தில் தானாகவே வந்துவிடும். நாங்கள் எழுதுவதோ இப்படி:

    :ரெஃப்:`கட்டண அட்டவணை <கட்டணம்>`யைப் பார்க்கவும்

பக்டிக்கோடு 'யை' ஒட்டியிருக்கிறது. முடிவுக் குறியாக அதை ஏற்றுக்கொள்ளாமல் வசனம் முழுவதையும் அப்படியே அச்சிடுகிறது. நல்ல வழி, உருபையும் இணைப்புச் சொல்லுக்குள்ளேயே எடுத்துவிடுவது:

    :ரெஃப்:`கட்டண அட்டவணையைப் <கட்டணம்>` பார்க்கவும்

வாசிக்கவும் இதுதான் இயல்பு. பாதிச் சொல் நீலம், பாதிச் சொல் கறுப்பு என்று இருக்காது. சொல்லைப் பிரித்தே ஆக வேண்டிய இடத்தில், பக்டிக்குக்குப் பின் ஒரு பின்சாய்கோடும் ஒரு இடைவெளியும் போட்டு உருபை எழுதுங்கள். அச்சில் இரண்டும் மறைந்து சொல் சேர்ந்து நிற்கும். பிஓ ஃபைலுக்குள் என்றால் பின்சாய்கோட்டை இரண்டு தரம் எழுத வேண்டும், அங்கே ஒற்றைப் பின்சாய்கோட்டுக்கு வேறு அர்த்தம் இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரே விதி: கோண அடைப்புக்குள் இருப்பதைத் தொடக் கூடாது, முன்னால் உள்ளதை மட்டும் மாற்றலாம். மூலத்தில் வெறும் லேபிள் மட்டும் இருந்தால் அதை அப்படியே விட வேண்டும். இணைப்பை விட்டுவிட்டாலோ கூட்டினாலோ, மூலத்தில் உள்ள இணைப்புகளும் மொழிபெயர்ப்பில் உள்ளவையும் ஒத்துவரவில்லை என்று ஸ்ஃபிங்ஸ் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை வந்தால் முதலில் உருபைத் தேடுங்கள். தமிழில் பெரும்பாலும் அதுதான்.

ஆங்கில மூலத்தில் ஒரு கலத்தைத் திருத்தினால், பிஓவில் அதற்குரிய வசனம் 'ஃபஸி' (திரும்பச் சரிபார்க்க வேண்டியது) என்று குறிக்கப்படலாம். ஃபஸி ஆனதை ஸ்ஃபிங்ஸ் இயல்பாகப் பாவிக்காது, ஆங்கிலமே தெரியும். தமிழ் அட்டவணையில் நடுவே ஒரு வரிசை மட்டும் ஆங்கிலத்தில் நின்றால் வேறெங்கும் தேட வேண்டாம்.

லேபிளைத் தமிழில் வைக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். ஏற்றுக்கொள்ளும், வேலையும் செய்யும், ஆனாலும் வேண்டாம் என்பேன். ஸ்ஃபிங்ஸ் லேபிள்களை ஒப்பிடும்போது எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதில்லை. 'கொ' என்பதில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஒரு விசைப்பலகையில் தட்டிய 'கொழும்பு' இன்னொரு இடத்திலிருந்து ஒட்டிய 'கொழும்பு'க்குச் சமமாகாது, 'அன்டிஃபைன்ட் லேபிள்' வரும். 'கௌ' இன்னும் மோசம்: பலர் கொம்போடு 'ள' எழுத்தையே தட்டுகிறார்கள், அது பார்ப்பதற்கு மட்டும்தான் ஔகாரம். சிங்களத்தில் ஸ்ரீ போன்ற கூட்டெழுத்துகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி ஒன்று இருக்கிறது. சில மென்பொருள்கள் ஒட்டும்போது அதை உதிர்த்துவிடும். லேபிள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் இருக்கட்டும், தமிழும் சிங்களமும் வாசிப்பவர் பார்க்கும் சொல்லில் இருக்கட்டும்.

கோடு கீறி வரையும் கட்ட அட்டவணைகளைத் தமிழில் தவிர்த்துவிடுங்கள். அவை நிரல் எல்லையை எழுத்து எண்ணிக்கையால் பிடிப்பவை. தமிழில் ஒரு எழுத்தாகத் தெரிவது பல நேரம் இரண்டு குறி, ஆகவே திரையில் நேராக நிற்பது அதன் கணக்கில் நேராக இருக்காது. ஒடுங்கிய நிரலில் லேபிளை நடுவே முறித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோனால் அந்த முறிவு லேபிளுக்குள் ஒரு இடைவெளியாகிவிடும், அதுவும் கிடைக்காது. லிஸ்ட்-டேபிள் (பட்டியலாக எழுதும் அட்டவணை) அல்லது சிஎஸ்வி-டேபிள், இரண்டே போதும்.

---

காலி வீதி

மிக்க நன்றி. பூச்சியத்தை நான் கவனிக்கவே இல்லை. நிட்பிக்கியைப் போட்டதும் பட்டியல் நீளமாக வந்திருக்கிறது, பெரும்பாலானவை பைத்தானின் சொந்த வகைகள்.

இரண்டு கேள்வி மிச்சம். கைக்கருவிக்கான சி++ நூலகத்தின் ஆவணம் டொக்ஸிஜனில் (கோடிலுள்ள குறிப்புகளிலிருந்து ஆவணம் உருவாக்கும் மென்பொருள்) தனியாக இருக்கிறது. அங்கே மார்க்டவுன் என்ற எளிய குறிமுறையில் எழுதிய அட்டவணைக்குள் உள்ள இணைப்புகளும் பாதி இல்லை. அடுத்தது, வாடிக்கையாளர்களின் உதவிப் பக்கத்திலிருந்து பிழைக் குறியீட்டு அட்டவணையின் குறிப்பிட்ட வரிசைக்கு நேரே போக வேண்டும். இப்போது முகவரியின் கடைசியில் 'ஐடி7' என்று கொடுத்திருக்கிறார்கள், அது அடிக்கடி வேறு இடத்துக்குப் போகிறது.

---

புதுச் செட்டித் தெரு

டொக்ஸிஜனை நான் எடுக்கிறேன்.

முதலில் டொக்ஸிஜன் அமைப்புகளில் வோர்ன்-லொக்ஃபைலுக்கு ஒரு பெயர் கொடுத்து எச்சரிக்கைகளைத் தனி ஃபைலில் வாங்குங்கோ. திரையில் ஓடும் வரிகளுக்குள் அவை தொலைந்து போகும்.

சி++ நூலகத்தில் இணைப்பு வராததற்கு முதற் காரணம், சுட்டப்படும் பொருளுக்கு ஆவணக் குறிப்பே இல்லாதது. குறிப்பில்லாததற்குப் பக்கம் இல்லை, பக்கம் இல்லாததற்கு இணைப்பும் இல்லை. கிளாஸுக்குள் அடங்காத செயற்கூறுகளுக்குக் கூடுதலாக ஒன்று வேணும்: அவை இருக்கும் ஹெடர் ஃபைலுக்கே 'ஃபைல்' கட்டளையோடு ஒரு குறிப்பு இருக்க வேணும். செயற்கூறுக்கு அழகாகக் குறிப்பு எழுதிவிட்டு இதை மறப்பவர்கள் நிறைய. குறிப்பில்லாதவற்றையும் ஆவணத்தில் சேர்க்கும் எக்ஸ்ட்ராக்ட்-ஓலைப் போட்டால் எல்லாவற்றுக்கும் இணைப்பு வரும்தான், ஆனால் குறிப்பில்லாதவை பற்றிய எச்சரிக்கைகளும் சேர்ந்து அணைந்துவிடும். அதனால் அதைத் தீர்வாக எடுக்க வேண்டாம்.

அட்டவணைக்கே உரியது நிலைக்குத்துக் கோடு. மார்க்டவுனில் அதுதான் கல எல்லை. கலத்துக்குள் 'அல்லது' குறியாக இரட்டை நிலைக்குத்துக் கோடு வந்தால் வரிசை அந்த இடத்தில் பிளந்து, அதற்குப் பின்னால் உள்ள ரெஃப் எல்லாம் ஒரு கலம் தள்ளிப் போகும். முன்னால் பின்சாய்கோடு போடுங்கோ. ஒரு வரிசை ஒரே வரியில் முடிய வேணும், நீளம் பற்றிக் கவலை வேண்டாம்.

ஒரே பெயரில் பல செயற்கூறுகள் இருந்தால் அளவுருக்களின் வகைகளையும் அடைப்புக்குள் கொடுங்கோ, இல்லாவிட்டால் எந்த ஒன்றுக்குப் போகும் என்பது உங்கள் கையில் இல்லை. வேறொரு டொக்ஸிஜன் திட்டத்துக்குப் போக வேண்டிய இணைப்பென்றால், அங்கே ஜெனரேட்-டாக்ஃபைலில் ஒரு பெயர் கொடுத்து, கிடைக்கும் ஃபைலை இங்கே டாக்ஃபைல்ஸில் சேர்க்க வேணும். சமக்குறிக்குப் பின் அந்தத் திட்டத்தின் ஹெச்டிஎம்எல் இருக்கும் இடத்தையும் எழுதுங்கோ. எழுதாவிட்டால் இணைப்பு இருக்கும், போய்ச் சேராது.

---

ஹவ்லொக் வீதி

நிட்பிக்கி பட்டியல்: பைத்தானின் சொந்த வகைகள் என்றால் வேறு ஆவணங்களுக்கு இணைப்புத் தரும் இன்டர்ஸ்ஃபிங்ஸ் நீட்சியைச் சேர்த்து, பைத்தான் ஆவணத்தின் முகவரியைக் கொடுங்கள். அது அங்குள்ள பெயர்ப் பட்டியலான ஒப்ஜெக்ட்ஸ்.இன்வ் ஃபைலை எடுத்து இணைப்புகளைப் பொருத்தும். எந்தப் பெயர் அதில் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால், இன்டர்ஸ்ஃபிங்ஸ் மொட்யூலைப் பைத்தானிலிருந்து நேரே ஓட்டி அந்த ஃபைலைக் கொடுங்கள், முழுப் பட்டியலும் அச்சாகும். அதற்குப் பிறகும் மிஞ்சுபவற்றை மட்டும் நிட்பிக்-இக்னோரில் ஒவ்வொன்றாக எழுதுங்கள். நிட்பிக்கியை அணைத்துவிட்டு ஆறுதலடைய வேண்டாம், தம்பி. அது காட்டிய பட்டியலில் உங்கள் சொந்தச் செயற்கூறுகளும் கலந்திருக்கும்.

'ஐடி7' பற்றி. ஐடி என்பது பக்கத்துக்குள் ஓர் இடத்தின் அடையாளப் பெயர். ஸ்ஃபிங்ஸ் அதை ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு ஆகியவற்றால் மட்டுமே உருவாக்கும். இவற்றால் ஒரு பெயர் கிடைக்காத இடத்தில் ஐடி1, ஐடி2 என்று வரிசையாகக் கொடுத்துவிடும். மேலே அப்படி ஒன்றைச் சேர்த்தால் கீழே உள்ளவை எல்லாம் ஒன்று தள்ளும். அதை வெளியே யாருக்கும் கொடுக்கக் கூடாது.

வரிசைக்கே லேபிள் வையுங்கள். லிஸ்ட்-டேபிளில் இப்படி:

    * - .. _பிழை-4012:

        4012
      - முகவரி விநியோக வலயத்துக்கு வெளியே உள்ளது

லேபிளுக்கும் 4012க்கும் நடுவே வெற்று வரி கட்டாயம். 4012 லேபிளின் இரண்டு புள்ளிகளுக்கு நேர் கீழே தொடங்க வேண்டும். ஆவணத்துக்குள்ளிருந்து சுட்டும்போது காட்டும் சொல்லையும் கொடுங்கள், கலத்துக்குத் தலைப்பு இல்லை. வெளியிலிருந்து வருபவர்களுக்கு முகவரியின் கடைசியில் லேபிளே ஐடியாக நிற்கும். இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். வெறும் 4012 என்று லேபிள் வைத்தால் முன்னுள்ள இலக்கங்கள் உதிர்ந்து பழையபடி 'ஐடி' எண்தான் வரும், ஆகவே எழுத்தில் தொடங்க வேண்டும். லேபிளில் கீழ்க்கோடு இருந்தால் ஐடியில் அது இடைக்கோடாகிவிடும். உதவிப் பக்கத்துக்குக் கொடுக்கும் முகவரியை லேபிளைப் பார்த்து எழுதாமல், வந்த ஹெச்டிஎம்எல்லைத் திறந்து பார்த்து எழுதுங்கள். இப்போது சிஎஸ்வி எழுதும் ஸ்கிரிப்ட் இந்த ஒரு அட்டவணைக்கு மட்டும் லிஸ்ட்-டேபிளை எழுதினால் போதும்.

ஸ்ஃபிங்ஸின் இணைப்புச் சோதனையான லிங்க்செக் இதைப் பிடிக்கும் என்று எண்ண வேண்டாம், அது பெரும்பாலும் வெளி இணைப்புகளுக்கானது. பில்ட் முடிந்ததும் பைத்தானின் ஹெச்டிஎம்எல் பார்சரால் எல்லாப் பக்கங்களிலும் உள்ள ஐடிகளைத் திரட்டி, வெளியே கொடுத்த முகவரிகளின் பட்டியலோடு ஒப்பிடும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதிச் சேர்வரில் வையுங்கள். மூன்று மொழிக்கும் தனித்தனியாக ஓட வேண்டும். எச்சரிக்கைகள் பூச்சியத்துக்கு வந்த பிறகு, சேர்வரின் பில்ட் கட்டளையில் பெரிய டபிள்யூவையும் போடுங்கள். அதன் பிறகு ஒரு எச்சரிக்கை வந்தாலே பில்ட் தோற்கும். பழைய பதிப்புகள் முதல் எச்சரிக்கையிலேயே நின்றுவிடும், அவற்றில் கீப்-கோயிங்கையும் சேர்த்தால்தான் முழுப் பட்டியல் கிடைக்கும்.

---

காலி வீதி

முழு பில்ட் ஓட்டினேன். 5 இலக்கமாக்கியதும் சிஎஸ்வி ரைட்டரும் சேர்ந்து வலய அட்டவணையின் 15 வரிசையும் சரி. நம்ரெஃப்பும் எண் காட்டுகிறது. தமிழ் பிஓவில் பக்டிக்குக்குப் பின் தமிழ் எழுத்து வரும் இடங்களைத் தேடி, உருபை உள்ளே எடுத்துக்கொண்டிருக்கிறேன். சிங்களத்திலும் 'ට' போன்ற உருபுகளை ஒட்டி எழுதிய இடங்கள் அதேபோல உடைந்திருக்கின்றன.

---

ஆமர் வீதி

ஓம், சிங்களத்துக்கும் அதே மருந்துதான், உருபை இணைப்புச் சொல்லுக்குள் எடுங்கள். தேடும்போது பக்டிக்குக்கு முன்னால் ஒட்டியிருப்பவற்றையும் சேர்த்துத் தேடுங்கள்: 'இந்த' என்று எழுதி இடைவெளி விடாமல் ரெஃப்பைத் தொடங்கியிருந்தால் அதை ரெஃப் இணைப்பாக எடுக்காது. அதற்கு முடிவுக் குறி இல்லை என்ற எச்சரிக்கையும் வராது. இணைப்புகள் ஒத்துவரவில்லை என்ற எச்சரிக்கையில்தான் அகப்படும்.